கேட்டு அடித்த மருந்து

அந்த நிலம் எங்களுடையது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நாலு வருஷம் அதில் கிடந்து பாடுபட்டபோது நானே அதை மறந்துதான் போயிருந்தேன். என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகனின் நிலம் அது. அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று மதுரையில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். நிலம் பந்தல்குடிக்குத் தெற்கே, தார் ரோட்டிலிருந்து இறங்கி வண்டிப் பாதையில் கால் மணி நேரம் நடக்கிற தூரம். நாலு குறுக்கம். குறுக்கம் என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் ஏறத்தாழ ஓர் ஏக்கர். கிணறு கிடையாது, போர் கிடையாது. புரட்டாசியில் மழை பெய்தால் விதைப்போம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்களுக்கென்று இருந்ததை என் மாமனார் காலத்திலேயே விற்றாகிவிட்டது. வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் நூல் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார். எனக்கோ வெள்ளாமையைத் தவிர வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், "நம்ம நெலம் சும்மாதான கெடக்கு. உழுது எதையாச்சும் வெதைச்சுக்கங்க. வெளையிறதுல ஏதோ குடுங்க, போதும்" என்றார். இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனை காலத்துக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொந்தத்துக்குள் அதையெல்லாம் கேட்டால் முகம் மாறிவிடும். மோர் வருவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எங்களுக்கு முன்னால் அதைப் பார்த்தவர் வருஷம் தவறாமல் பருத்திதான் போட்டிருக்கிறார். மூட்டை மூட்டையாக உரம், பருத்தி எடுத்து முடிந்ததும் மாரை, அதாவது காய்ந்த செடிகளை, பிடுங்கி ஒரே இடத்தில் குவித்துத் தீ. கடைசியில் விதைத்தது திரும்பி வராமல் போனதும் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார். நான் முதல்முறை போய்ப் பார்த்தது சித்திரை வெயிலில். கரிசல் மண் வெயிலுக்கு வெடிக்கும், அது இயல்பு. ஆனால் வெடிப்புக்கு நடுவில் இருந்த பாளங்கள் ஒவ்வொன்றும் கல்லாகக் கிடந்தன. ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் போட்டு உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு வேர் இல்லை, ஒரு புழு இல்லை, ஒரு வாசனையும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ போட்டு அடித்துத் துவைத்ததை நம் தலையில் கட்டிவிட்டார்களே என்று அத்தானை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன்.

அந்தச் சமயத்தில் திருச்சுழியில் விவசாயிகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, மத்தியானம் எலுமிச்சம்பழச் சோறு. பாதிப் பேர் சோற்றுக்குப் பிறகு காணாமல் போய்விட்டார்கள். எனக்குத் திரும்பிப் போகப் பஸ் இல்லாததால் உட்கார்ந்திருந்தேன். செத்த மண்ணை மீட்க வேண்டுமென்றால் தானியம், பயறு, எள், கடுகு, சணப்பு என்று கையில் கிடைத்த விதையை எல்லாம் கலந்து விதையுங்கள், பூத்து நிற்கும்போது அப்படியே மடக்கி உழுதுவிடுங்கள், மண்ணுக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி என்று அங்கே பேசிய அம்மா சொன்னார். கோடை மழையில் இதைச் செய்தால் புரட்டாசி விதைப்புக்கு இடைஞ்சல் இருக்காது என்றும் சொன்னார். அந்த வருஷம் கோடை மழை என்று ஒன்று பெய்யவே இல்லை.

ஆகவே புரட்டாசி மழையில்தான் விதைத்தேன். அதாவது ஒரு வருஷத்து வெள்ளாமையை மண்ணுக்கே ஊட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒரு வார்த்தை சொல்கிறவர் இல்லை. ஊரார் அவருக்கும் சேர்த்துப் பேசினார்கள். தளதளவென்று பூத்து நின்ற பயிரில் டிராக்டரை இறக்கிய அன்று, பக்கத்து நிலத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வரப்பில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "வெளைஞ்சதை உழுது போடுற ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றாள் ஒருத்தி. "அவுகளுக்கு மில்லுச் சம்பளம் வருது தாயி, நமக்கு அப்படியா" என்றாள் இன்னொருத்தி. எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆமாத்தா, சம்பளம் மீந்து கெடக்கு, அதான் மண்ணுக்குத் திங்கக் குடுக்கேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த வருஷம் அரிசிக்கு ரேஷன் கடையைத்தான் நம்பியிருந்தோம். டிராக்டர் திரும்பும்போதெல்லாம் எத்தனை படி போச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சித்திரையில் ஆட்டுக்கிடை போட்டேன். கமுதிப் பக்கத்திலிருந்து கீதாரி ஒருவர் செம்மறி மந்தையோடு வருஷாவருஷம் எங்கள் ஊர் வழியாகப் போவார். நிலத்தில் வலைப் பட்டி கட்டி ஆடுகளை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சேரும், இரண்டொரு நாளைக்கு ஒருதரம் பட்டியை நகர்த்தி நகர்த்தி நிலம் முழுக்க வந்துவிடும். அவரை ஒரு டீக்கடை வாசலில் பிடித்தேன். அவர் தயங்கினார்.

"இப்ப வேணாம் தாயி. ஆடு மேயுறது பூராம் கருவேல நெத்துதான். வயித்துல அம்புட்டும் வெதை. இப்பக் கெடை போட்டா முளைச்சுத் தள்ளிரும். ஆடியில வாரேன், அப்பப் போட்டுத் தாரேன்."

"ஆடியில நீங்க எங்கிட்டு இருப்பீகளோ. போடுங்க, முளைச்சாப் பாத்துக்கிருவோம்" என்றேன்.

"பெறகு என்னைய வையக்கூடாது."

வையமாட்டேன் என்று சொன்னேன். புரட்டாசி மழையில் கம்பு விதைத்துவிட்டுப் பத்தாம் நாள் நிலத்துக்குப் போனவள் அவரை வைத வசவை இங்கே எழுத முடியாது. கம்பு முளைத்த இடத்தைவிடச் சீமைக்கருவேலங்கன்று முளைத்த இடம்தான் அதிகமாக இருந்தது. ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்த விதைக்கு என்ன வேகமோ தெரியவில்லை. பட்டி கட்டியிருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக, ஆடு படுத்த தடத்தை வரைந்து காட்டுகிற மாதிரி முளைத்திருந்தன. கன்று சுண்டுவிரல் உயரத்தில் இருக்கும்போது, ஈரம் காய்வதற்குள் வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் வேர் கீழே இறங்கிவிடும், பிறகு மேலே ஒடிந்துகொண்டு வருமே தவிர அடி வராது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஐப்பசி கார்த்திகை முழுக்க நான் குத்தவைத்துத்தான் வாழ்ந்தேன். முழங்கால் அப்போது போனதுதான். இப்போதும் பஸ்ஸில் படியேற யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிச் சொல்லும்போது ஏதோ சாதித்த மாதிரித் தோன்றும். உண்மையில் அந்த மூன்று வருஷமும் எனக்கு நினைவிருப்பது அலுப்பு ஒன்றுதான். காலையில் சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு போவேன், பொழுது சாயத் திரும்புவேன், மறுநாளும் அதே. இரண்டாம் வருஷம் கம்பு வீட்டுச் சாப்பாட்டுக்கே போதவில்லை. மூன்றாம் வருஷம் உளுந்து கொஞ்சம் வந்தது. அத்தானுக்கு ஒரு பையில் கட்டி மதுரை பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். அவர் போனில், "எதுக்கும்மா சிரமம், நீங்களே வச்சுக்கிற வேண்டியதுதான" என்றார். நல்ல மனுஷர். இதில் யாரையும் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

மண் மாறியதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் களைக்கொத்தியைப் போட்டபோது கைக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் வலிக்கவில்லை என்று நின்று யோசித்தேன். குனிந்து ஒரு பிடி அள்ளினேன். உதிரிப் புட்டு மாதிரி விரலுக்கிடையில் விழுந்தது. மண்புழுவின் எச்சம் சின்னச் சின்ன உருண்டையாகத் தூர் ஓரமெல்லாம் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது எகத்தாளமாகச் சொல்லி மறைத்திருப்பேன். யாரும் இல்லாததால் வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

நாலாவது வருஷம் கலப்பாக விதைத்தேன். இரண்டு சால் கம்பு, ஒரு சால் தட்டைப்பயறு, இடையில் உளுந்து, ஓரத்தில் ஆமணக்கு. கம்பு மேலே போகும், பயறு கீழே படரும். பயறுதான் முக்கியம். அது தரையை மூடிக்கொண்டால் வெயில் நேராக மண்ணில் விழாது, களையும் தலைதூக்காது. காய் பறித்த பிறகு கொடியை அங்கேயே விட்டுவிட வேண்டும், அது மக்கி அடுத்த வருஷத்துக்கு ஆகும். பயறு இல்லாமல் கம்பு மட்டும் நின்றால் நான் செய்தது எல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் பழைய கல்லுக்கே திரும்பிவிடும். இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. சுற்றிலும் எல்லார் நிலத்திலும் தண்ணீர் கட்டி, பயிர் மஞ்சளாகி அழுகிப்போனது. என் நிலத்தில் தண்ணீர் இரண்டாம் நாள் இறங்கிவிட்டது. முன்பு என்னைக் கேலி செய்த பெண் வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஒனக்கு மட்டும் மழை கம்மியாப் பேஞ்சுச்சாக்கும்" என்றாள். அது அவள் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

என்னுடைய முட்டாள்தனம் மாசி மாதம் சர்ச்சில் நடந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலில் முதற்பலனைக் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் அநேகம் பேருக்கு விளைச்சல் இல்லை. மளிகைக் கடையில் வாங்கிய அரிசியையும் டவுனில் வாங்கிய ஆப்பிளையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் ஒரு பெரிய கடகப் பெட்டி நிறையக் கம்புக் கதிரும் தட்டைப்பயறும் கொண்டுபோனேன். ஒவ்வொரு கதிரும் முழங்கை நீளம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவழியாக நடந்தபோது, எல்லாரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தேன். முழங்கால் வலி ஒரு சாக்கு.

அத்தான் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடவே அவருடைய மருமகன். சென்னையில் கம்பெனி வேலை, இப்போது மதுரையில் வீட்டிலிருந்தே பார்க்கிறாராம். மரியாதையான பிள்ளை. என்னைச் சின்னத்தை என்று கூப்பிடுவார். ஏலத்தில் என் பெட்டியை அவர்தான் எடுத்தார். வெளியே மரத்தடியில் ஒரு கதிரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சின்னத்தை, இது எங்க வெளைஞ்சது?" என்று கேட்டார்.

"எங்கன்னா? உங்க நெலத்துலதான் மாப்பிள்ளை" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கல்லாகக் கிடந்தது, நான் உழுது போட்டது, கிடை போட்டது, மழைத் தண்ணீர் இரண்டே நாளில் இறங்கியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண் விரியக் கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வைகாசியில் அத்தானும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். பழம், இனிப்பு எல்லாம் வாங்கி வந்திருந்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இயற்கை விவசாயத்தில் ரொம்ப ஆசை, எங்கேயாவது நிலம் வாங்கலாமா என்று யோசித்தார், நம்மிடமே இருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும் என்று மகள் சொன்னாள் என்று அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்களும் கூடவே இருக்கணும் சின்னத்தை. நீங்க சொல்றபடிதான் செய்வேன்" என்றார் மாப்பிள்ளை. அதை மனதாரத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் முடியாது என்று யார் சொல்வது? அதுவும் அவர்கள் நிலத்தை அவர்களிடமே. என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "ஒங்க நெலம், நீங்க கேக்கணுமாண்ணே" என்றார். நான் காப்பி போட உள்ளே போனேன். சர்க்கரை போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. அவர்கள் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்தான் போனார்கள்.

போர் போட்டிருந்தால் மோட்டாரையாவது கழற்றிக்கொண்டு வந்திருப்பேன். வேலி போட்டிருந்தால் கம்பியைச் சுருட்டியிருப்பேன். மண்ணைச் சரிசெய்தவள் எதைக் கழற்றிக்கொண்டு வருவது? நாலு வருஷம் செய்ததற்குக் கணக்குக் காட்டக் கையில் ஒன்றும் இல்லை. அது கல்லாகக் கிடந்தவரை அவர்களுக்கு நிலம் என்ற நினைப்பே இல்லை, புட்டாக ஆனதும் ஆசை வந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "விடு. நாம என்ன அதைக் கையோடயா கொண்டுபோகப் போறோம்" என்றார். சமாதானம் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று நானும் கேட்கவில்லை.

புரட்டாசியில் மாப்பிள்ளை விதை கேட்டு வந்தார். கொடுத்தேன். நான் தேர்ந்து, வேப்பிலை போட்டு வைத்திருந்த கம்பும் தட்டைப்பயறும் உளுந்தும். எத்தனை சாலுக்கு எத்தனை சால் என்று கூடவே போய்ச் சொல்லியும் கொடுத்தேன். அவர் போனில் குறித்துக்கொண்டார். நல்லவளாக நடந்துகொண்டேன் என்று அன்றைக்கு எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது ஐப்பசியில்.

நிலம் கைவிட்டுப் போனதால் அப்போது நான் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓடைக்கரையில் மண் வெட்டிப் போடுகிற வேலை. மத்தியானம், கருவை நிழலில் எல்லாரும் தூக்குவாளியைத் திறந்திருந்த நேரம், மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"சின்னத்தை, களை நிறைய வந்துருச்சு. களையெடுக்க ஆளே கிடைக்கல. பந்தல்குடிக் கடையில ஒரு களைக்கொல்லி குடுக்குறாங்க. கம்புக்கு ஒண்ணும் ஆகாது, களை மட்டும் போயிரும்னு சொல்றாங்க. எனக்கு மருந்து அடிக்கிறதுல இஷ்டமே இல்ல. இருந்தாலும் இந்த ஒரு தடவை அடிக்கலாமா?"

அந்த மருந்தை எனக்குத் தெரியும். மக்காச்சோளக்காரர்கள் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கம்பு, சோளம் மாதிரி நீட்டு இலைப் பயிரை விட்டுவிடும். அகல இலை வைத்த எதையும் விடாது. பயறு, உளுந்து எல்லாம் அதற்குக் களைதான். வேண்டாம் மாப்பிள்ளை, பயறு கருகிரும், நானே ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வாரேன் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை முழுதாக வாயில் வந்து நின்றது.

"அடிங்க மாப்பிள்ளை" என்றேன்.

"பயறுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சின்னத்தை?"

நன்றாக நினைவிருக்கிறது, அவர் தனியாக, தெளிவாகக் கேட்டார். நானும் தெளிவாகத்தான் சொன்னேன்.

"ஆகாது."

ஏன் சொன்னேன் என்று பல விதமாக எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெயில், முழங்கால் வலி, என் வயதில் ஓடைக்கரையில் மண் சுமக்கிறேனே என்ற ஆத்திரம். எல்லாம் உண்மைதான், ஆனால் எதுவும் போதவில்லை. எனக்கு இல்லாதது யாருக்கும் நல்லபடியாக இருக்கக் கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. அவ்வளவு சின்னப் புத்தி. சொல்லி முடித்த கையோடு திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கையில்தான் போன் இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கூப்பிடுவோம் என்று நினைத்தேன். சாப்பிட்டதும் மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டார். மறுநாள் காலையில் கூப்பிடுவோம் என்று நினைத்தேன், மறுநாள் காலையில் அடித்திருப்பார், இனிக் கூப்பிட்டு என்ன என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. கம்பு பச்சையாக, ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றது. அதன் காலடியில் தட்டைப்பயறு தண்டு முறுக்கிக்கொண்டு, இலை சுருண்டு, தலை கவிழ்ந்து கிடந்தது. உளுந்தும் அப்படியே. நாலு குறுக்கமும். களையில் சுருளாமல் இருந்தவை கோரையும் அருகும்தான், அவை சௌக்கியமாக இருந்தன. மாப்பிள்ளை ஒரு சாலில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்த்தினால் திரும்பச் சாய்ந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகம் வாடிப்போயிருந்தது. திட்டப்போகிறார், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று தயாராக நின்றேன். கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நம்ப ஆசைப்படுகிறேன்.

"நான்தான் அளவு தப்பாக் கலந்துட்டேன் போல சின்னத்தை" என்றார். "ஒரு டேங்குக்கு ஒரு மூடின்னு சொன்னாங்க. நான் கொஞ்சம் கூட ஊத்திட்டேனோ என்னமோ. நீங்க நாலு வருஷம் பாடுபட்ட இடம். உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் போன் பண்ணல."

நான் கீழே கிடந்த பயறைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"இருக்கும் மாப்பிள்ளை" என்றேன். "அளவு கூடியிருக்கும்."

ஒரு தடவை மருந்து அடித்ததில் மண் செத்துவிடாது, அது எனக்கும் தெரியும். அடுத்த வருஷம் திரும்பக் கலந்து விதைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அவர் பயந்துவிட்டார். கலப்புப் பயிர் தன்னைப் போன்ற புது ஆளுக்கு ஒத்து வராது, கைப்பக்குவம் உள்ளவர்கள் செய்ய வேண்டியது என்று முடிவு கட்டிவிட்டார். இந்தப் புரட்டாசியில் நாலு குறுக்கமும் மக்காச்சோளம். விதை கேட்டு வரவில்லை. சர்ச்சில் பார்த்தால் இன்னும் அதே மரியாதைதான். அன்றைக்கு நடந்தது தன் தப்பு என்றும், சின்னத்தை சரியாகத்தான் சொன்னார்கள் என்றும் எல்லாரிடமும் சொல்கிறாராம். வீட்டுக்காரரிடம்கூட உண்மையை நான் இதுவரை சொல்லவில்லை.

போன வாரம் போன் வந்தது. நான் ஓடைக்கரையில்தான் இருந்தேன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இந்தத் தடவை அளவு சரியாப் பாத்து அடிச்சேன் சின்னத்தை. நெலத்துல ஒரு புல்லு இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு."

"நல்லது மாப்பிள்ளை" என்றேன்.